பரி வாங்கப் போறீங்களா? திருவாதவூர் வழியா போங்க!

பழைய புல்லட் ஒண்ணு வாங்கணும். சீட்டை வெட்டி, ஹேண்டில்பாரை மாத்தி, நம்ம இஷ்டத்துக்கு 'கஸ்டம்' பண்ணி, காலேஜ் கேட்ல 'டப்... டப்...'னு வந்து நிக்கணும். இப்படி ஒரு கனவு உங்க மனசுக்குள்ள ஓடுதா? கையில காசு கம்மி, அதனால யாராவது பாதி வேலை முடிச்சுட்டு விட்ட வண்டி கிடைச்சா மலிவா அடிச்சுடலாம்னு நினைக்கிறீங்களா? சரி, ஹெல்மெட்டை மாட்டுங்க. உங்களை ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்.

மதுரையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள்ளதான் அந்த ஊர். திருவாதவூர்.

அங்கே போக எனக்குக் காரணம் என் நண்பன். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஆனா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டச் சொன்னா முதல்ல செல்போனைத்தான் கழட்டி வெளியே எடுப்பான். அவனுக்கு ஒரு நாள் ஒரு போட்டோ வந்துச்சு. 96 மாடல் புல்லட் 350, வார்ப்பிரும்பு என்ஜின், கறுப்பு டேங்க், ஒத்தை சீட்டு, பின்னாடி குண்டு டயர், நீட்டி விட்ட முன்பக்கம். "எண்பது பெர்சென்ட் வேலை முடிஞ்சது தம்பி. அறுபத்தஞ்சாயிரம். நேர்ல வாங்க, பேசிக்கலாம்."

அன்னிக்கு ராத்திரி பய தூங்கல.

அவன் கையில இருந்தது அறுபதாயிரம். அதுல முப்பத்தெட்டாயிரம், சனி ஞாயிறு கல்யாண மண்டபங்கள்ல பந்தி பரிமாறிச் சேர்த்தது. மிச்சம் இருபத்திரெண்டாயிரம், செமஸ்டர் ஃபீஸ் கட்ட அவங்க அம்மா மகளிர் குழுவுல கடன் எடுத்துக் கொடுத்தது. "கட்டுறதுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு மாப்ள. அதுக்குள்ள புரட்டிடலாம்" என்றான். எப்படிப் புரட்டுவான்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்.

நாங்க செஞ்ச ஒரே புத்திசாலித்தனம், முப்பது வருஷமா புல்லட் மட்டுமே பாக்குற மெக்கானிக் அண்ணன் ஒருத்தரைக் கூடக் கூட்டிட்டுப் போனதுதான். அவர் பையில என்ன எடுத்துட்டு வந்தார் தெரியுமா? ஒரு டார்ச், ஒரு காந்தம், கொத்தனார் நூல் ஒரு உருண்டை. ஸ்பேனர்கூட ரெண்டே ரெண்டுதான்!

பல்லைப் பிடிச்சுப் பாரு

மேலூர் ரோட்டில் முதல்ல வர்றது மாட்டுத்தாவணி. 1999-ல் பஸ் ஸ்டாண்ட் வந்தபிறகு நமக்கெல்லாம் அது பஸ் ஏறுற இடம். ஆனா 'தாவணி'ன்னா மாட்டுச் சந்தை. பாடம் இங்கேயே ஆரம்பிச்சுடுச்சு.

"மாடு வாங்குறவன் என்ன செய்வான்? பல்லைப் பிடிச்சு வயசு பாப்பான். சுழி பாப்பான். நாலு தப்படி நடக்க விட்டுப் பாப்பான். கடைசியிலதான் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவான். நீங்க என்னடான்னா போட்டோ பாத்து மனசுக்குள்ள விலையை முடிச்சுட்டு, அப்புறமா வண்டி பாக்க வர்றீங்க" என்றார் அண்ணன்.

நண்பன் பதில் சொல்லல. அவன் மனசுல வண்டி ஏற்கெனவே காலேஜ் கேட்ல நின்னுட்டு இருந்துச்சு.

ஒத்தக்கடை வந்ததும் இடதுபக்கம் யானைமலை. உண்மையிலேயே ஒரு யானை காலை நீட்டிப் படுத்திருக்கிற மாதிரி ஒரே கல். அதன் அடிவாரத்தில் 1965-ல் தொடங்கின வேளாண்மைக் கல்லூரி. அங்கிருந்து பிரிஞ்சு திருமோகூர் பக்கம் போனா காளமேகப் பெருமாள் கோயில். அதைத் தாண்டினா வயல், கண்மாய், வரப்புல கொக்கு, நடுநடுவே மொட்டைப் பாறைகள். பாதையில் பாதி நேரம் உங்களுக்கு எதிரே வர்றது ஆட்டு மந்தைதான்.

நரியும் பரியும்

திருவாதவூர் சின்ன ஊர். ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கிற கதை பெருசு. ஊரையொட்டி இருக்கும் ஓவாமலைக் குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கு. கபிலர் பிறந்த ஊர் இதுதான்னு சொல்றாங்க. மாணிக்கவாசகர் பிறந்ததும் இங்கேதான். 'வாதவூரர்'னு அவருக்குப் பேரே அதனாலதான். கபிலருக்கு வாய்ச்சது பாரி. வாதவூரரைச் சிக்கலில் மாட்டிவிட்டது பரி!

கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா ஒரு வண்டி வாங்கப் போறவன் காதோட கேளுங்க.

வாதவூரர் பாண்டிய மன்னனுக்கு அமைச்சர். 'தென்னவன் பிரமராயன்'னு பட்டம். குதிரைப்படைக்கு நல்ல குதிரை வாங்கிட்டு வரச் சொல்லி ராஜா கஜானாவைத் திறந்து பொன் கொடுத்து அனுப்புறார். திருப்பெருந்துறைக்குப் போனவர் குருவைப் பாக்குறார், உருகுறார், குதிரைக் காசையெல்லாம் கோயிலுக்கும் அடியாருக்கும் செலவழிச்சுடுறார். ராஜா கேட்டதும் 'ஆவணி மூலத்தன்னிக்குக் குதிரை வரும்'னு பதில். சிவபெருமான் காட்டு நரிகளையெல்லாம் பரிகளாக்கி, தானே குதிரை வியாபாரி வேஷத்தில் மதுரைக்கு ஓட்டிட்டு வர்றார். பளபளன்னு குதிரைகள்! ராஜா அசந்துபோய் வாங்கிக்கிறார். ராத்திரி ஆச்சு. அத்தனையும் நரியாக மாறி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த பழைய குதிரைகளையும் கடிச்சுக் குதறிட்டு ஓடிடுச்சு.

இதில் நமக்கு வேண்டியது ஒரு சின்ன விவரம். குதிரைகளை ஒப்படைக்கும்போது 'கயிறு மாத்துறது'ன்னு ஒரு முறை நடக்குது. கயிறு கை மாறிட்டா வியாபாரம் முடிஞ்சது. அதுக்கப்புறம் வித்தவனைக் கேக்க முடியாது. மறுநாள் ராஜாவும் வியாபாரியைத் தேடல. வாதவூரரைத்தான் பிடிச்சு வைகை மணலில் நிறுத்தினார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை வருஷா வருஷம் நடக்குது.

புராணத்தை விடுங்க, சரித்திரத்துக்கு வாங்க. பதிமூணாம் நூற்றாண்டு முடியுற சமயம் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ குதிரை வியாபாரத்தைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல குதிரைகளை ராஜா பெரும் விலை கொடுத்து வாங்குவாராம். வருஷம் முடியும்போது நூறுகூட உயிரோட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இங்கே இல்லை. அதைவிட விசேஷம்... வித்த வியாபாரிகள் குதிரை வைத்தியர் யாரையும் இங்கே வரவிடாம பாத்துக்கிட்டாங்களாம். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு யாவாரம்!

அதனால, மெக்கானிக் இல்லாம வண்டி பாக்கப் போகாதீங்க. 'மெக்கானிக் எதுக்கு தம்பி, நான் சொல்றேன்ல'ன்னு விக்கிறவர் சொன்னா, அங்கேயே டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிடுங்க.

ஷெட்டுக்குள்ள

நாங்க பாத்தவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வெல்டிங் பட்டறை வெச்சிருக்கிற அண்ணன். "நல்லா பாருங்கண்ணே, என்ன கழட்டணுமோ கழட்டிப் பாருங்க" என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார். வண்டி அவரோடது இல்லை; அவர் தம்பியோடது. தம்பி ஆசை ஆசையா ஆரம்பிச்சு, பாதியில் சிங்கப்பூர் வேலைக்குப் போயிட்டார்.

தார்ப்பாயை விலக்கினார். அடடா... போட்டோவில் பாத்ததைவிட அழகு. நண்பன் என் கையைப் பிடிச்சு நசுக்கினான்.

மெக்கானிக் அண்ணன் முதல்ல செஞ்சது, என்ஜின்மேல கையை வெச்சுப் பாத்தது. "சில்லுன்னு இருக்கு. நல்லது." நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேத்தி வெச்சா, காலையில வண்டி படுத்துற பாடு தெரியாமப் போயிடும். அதனால போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்க.

அப்புறம் கிக்கரை மெதுவா மிதிச்சு, ஆம்பியர் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷன் லீவரை அமுக்கி, கொஞ்சம் நகத்தி, லீவரை விட்டு... ஒரே உதை. டப்... டப்... டப்! எங்க பயலுக்குக் கண் கலங்கிடுச்சுன்னு நான் சொன்னா நம்புங்க.

அண்ணன் சைலன்சர் பக்கம் குனிஞ்சு புகையைப் பாத்தார். நீலமா வந்துக்கிட்டே இருந்தா ஆயில் எரியுது. ரிங், போர் வேலை இருக்கு. கறுப்பா வந்தா பெட்ரோல் அதிகம். அது கார்புரேட்டரைச் சரி பண்ணினாலே அடங்கலாம். இது ரெண்டும் இல்லை. கீழேயிருந்து 'டக் டக்'னு கனமான தட்டல் வந்தா கனெக்டிங் ராடு போச்சுன்னு அர்த்தம். அதுவும் இல்லை. பிளக்கைக் கழட்டினார், காப்பித்தூள் நிறம். "என்ஜின் தங்கம்யா" என்றார்.

நண்பன் பர்ஸைத் தடவினான். "இருடா, என்ஜினையா ஓட்டப் போற? வண்டியைப் பாப்போம்" என்று காந்தத்தை எடுத்தார்.

இது உங்களுக்கும் உதவும் வித்தை. இரும்புத் தகட்டில் காந்தம் 'டப்'னு ஒட்டும். நசுங்கின இடத்தில் பட்டி பூசி, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சிருந்தா அந்த இடத்தில் காந்தம் வழுக்கும். டேங்க்கில் ஒரு இடம் வழுக்குச்சு. பரவாயில்லை, பழைய டேங்க்.

அடுத்து நூல். வண்டியை நேரா நிறுத்தி, பின் டயரின் ரெண்டு பக்கமும் நூலை ஒட்டிப் பிடிச்சு முன் சக்கரம் வரைக்கும் இழுத்தார். பின் டயர் குண்டு, முன் டயர் ஒல்லி. அதனால முன்னாடி ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். ஆனா ரெண்டும் சமமா இருக்கணும். இங்கே இடதுபக்கம் ஒரு விரல், வலதுபக்கம் ரெண்டு விரல். வண்டி நேரா இல்லை!

கழுத்து

அண்ணன் பேச்சை நிறுத்திட்டார். டார்ச்சை அடிச்சு, டேங்க்குக்குக் கீழே, ஹேண்டில்பார் வந்து சேஸிஸோட சேர்ற கழுத்துப் பகுதியைப் பாத்தார். காந்தத்தை வெச்சார். விழுந்துடுச்சு. மறுபடி வெச்சார். மறுபடியும் விழுந்துச்சு.

"இந்த இடத்தை வெட்டியிருக்கா?"

"ஆமாண்ணே. முன்பக்கம் நீட்டா வரணும்னு தம்பி கேட்டான். வெட்டி, சாய்ச்சு, வெல்டு வெச்சு, மேல பட்டி பாத்தேன். நானே வெச்ச வெல்டு" என்றார் பட்டறை அண்ணன், கொஞ்சம் பெருமையோடு.

பிளேடால் பட்டியைச் சுரண்ட அனுமதி கேட்டார். கொடுத்தார். அதுக்குள்ள, வெல்டுக்கு அடுத்தாப்புல, முடி மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டில் மட்டும் துரு. வண்டி இன்னும் ரோட்டுக்கே வரல. பட்டறையைச் சுத்தி நாலு தடவை ஓட்டினதோட சரி. அதுக்குள்ள விரிசல்!

கழுத்து ஏன் அவ்வளவு முக்கியம்? முன் பிரேக்கைப் பிடிச்சா சக்கரம் நிக்கப் பாக்கும், உங்க உடம்பும் வண்டியும் முன்னாடி போகப் பாக்கும். நடுவில் இருக்கிற ஃபோர்க் ஒரு கடப்பாரை மாதிரி. கடப்பாரை எவ்வளவு நீளமோ அவ்வளவு பலமா நெம்பும். அந்த நெம்பு முழுக்க விழுற இடம் கழுத்து. முன்பக்கத்தை நீட்டினா நெம்பும் கூடும். வெல்டு சூடு பட்ட பக்கத்து இரும்பு, பழைய இரும்பு மாதிரி வளைஞ்சு கொடுக்காது. மேடுபள்ளத்தில் குதிக்கக் குதிக்க விரிசல் நீளும். ஒரு நாள் மேலூர் ரோட்டில், எண்பது கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கம் தனியா, பின்பக்கம் தனியா...

பின்பக்கமும் ஷாக் அப்சார்பரை எடுத்துட்டு நேரா கம்பி வெச்ச 'ஹார்ட்டெயில்'. குழியில் விழுந்தா அடி பாதி உங்க முதுகுக்கு, பாதி அதே கழுத்துக்கு. சனீஸ்வரனே வாத நோய் தீர இந்த ஊர் திருமறைநாதரைக் கும்பிட்டதாகத் தலபுராணம். இந்த வண்டியை ஓட்டுறவனும் இங்கே அடிக்கடி வரவேண்டியிருக்கும்.

கயிறு எங்கே?

"ஆர்.சி. புக்கைக் கொடுங்க" என்றார் அண்ணன்.

அதில் இருந்த பேர் தம்பியோடதும் இல்லை, பட்டறை அண்ணனோடதும் இல்லை. முதல் ஓனர் பேர்! நடுவில் ரெண்டு கை மாறியிருக்கு. யாரும் பேர் மாத்தல. ஃபார்ம் 29, 30-ல் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு, மடிச்சு மடிச்சு அப்பளமா நொறுங்கிக் கிடந்துச்சு. பதிவுக்காலம் 15 வருஷம் முடிஞ்சு, ஒரு தடவை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சு, அதுவும் முடிஞ்சு போச்சு.

இதுதான் நம்ம காலத்துக் கயிறு. சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள்ள வித்தவர் 14 நாளுக்குள்ளயும், வாங்கினவர் 30 நாளுக்குள்ளயும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். தெரிவிக்காம விட்டா? 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: விபத்து நடந்தா, பதிவேட்டில் யார் பேர் இருக்கோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பான ஓனர். அதாவது நீங்க மோதினா, எப்பவோ வித்துட்டு மறந்துபோன ஒரு பெரியவர் கோர்ட் படி ஏறணும். அது நியாயமா?

சரி, பேர் மாத்தி, பதிவைப் புதுப்பிச்சுக்கலாம்னா, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னாடி நிறுத்தணும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணு வந்துச்சு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக அடிப்படை அமைப்பையே மாத்தின வண்டியைப் பதிவு செய்ய முடியாது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாம மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். பெயிண்ட் மாத்துறதெல்லாம் சின்ன விஷயம், அதையும் ஆர்.சி.யில் பதியணும். கழுத்தை வெட்டினது சின்ன விஷயம் இல்லை.

எண்பதும் இருபதும்

நண்பன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "அண்ணே, வேற சேஸிஸ் போட்டுக்கலாம்ல? எண்பது பெர்சென்ட்தான் முடிஞ்சிருச்சே..."

அண்ணன் ஒரு சிகரெட் அட்டையைக் கிழிச்சு எழுதினார். வொயரிங் இல்லை. பின் பிரேக் ராடு இல்லை. ஸ்பீடாமீட்டர் இல்லை. கேபிள் எல்லாம் புதுசு. கோன் செட் மாத்தணும். சேஸிஸ் மாத்தினா அதோட நம்பருக்கு ஆர்.டி.ஓ. அனுமதி. லேத் கூலி, பெயிண்ட்... அட்டை நிறைஞ்சுடுச்சு.

"பாதி வண்டியில முடிஞ்ச எண்பது கண்ணுக்குத் தெரியுற எண்பது. மிச்ச இருபதுதான்டா வண்டி" என்றார்.

பட்டறை அண்ணன் விலையைக் குறைக்க ஆரம்பிச்சார். அறுபது. அம்பத்தஞ்சு. நண்பன் என்னைப் பாத்தான். அம்பத்தஞ்சுன்னா கையில அஞ்சாயிரம் மிஞ்சும். அவன் கண்ணு சொல்லுச்சு, எப்படியாவது புரட்டிடலாம்னு.

அப்பதான் எனக்கு அது உறைச்சுது. குதிரை வாங்கக் கொடுத்த காசு வாதவூரரோட காசு இல்லை. என் நண்பன் பர்ஸில் இருக்கிற இருபத்திரெண்டாயிரமும் அவன் காசு இல்லை. வாதவூரருக்காகச் சொக்கன் குதிரை வியாபாரியா இறங்கி வந்தார். செமஸ்டர் ஃபீஸ் கட்டுற கவுன்டருக்கு நமக்காக யார் வருவா?

இதை அவன் காதில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம நின்னான். அப்புறம் டேங்க்கை ஒரு தடவை தடவிட்டு, "வேண்டாம்ணே" என்றான்.

கிளம்பும்போது பட்டறை அண்ணன் எங்க மெக்கானிக்கைத் தனியாக் கூப்பிட்டார். எங்களுக்குக் கேக்காதுன்னு நினைச்சுக் கேட்டார். "அண்ணே... பொங்கலுக்கு என் தம்பி லீவுல வர்றான். வந்தா இதைத்தான் ஓட்டணும்னு சொல்லிட்டிருக்கான். அந்தக் கழுத்து... நிஜமாவே அவ்வளவு மோசமா?"

அண்ணன் அவர் தோளில் கையை வெச்சார். "நீங்க நல்ல வெல்டர்தான். ஆனா இது கேட்டு இல்ல, வண்டி. தம்பிக்குக் கொடுத்துடாதீங்க. என்ஜினைக் கழட்டி ஆயில் விட்டு வைங்க. ஆர்.சி.யில இருக்கிற ஆளைத் தேடிப் பிடிங்க. ஒழுங்கான சேஸிஸ் கிடைச்சா, பர்மிஷன் வாங்கிட்டுச் சொல்லுங்க. நானே வந்து மாட்டித் தர்றேன்."

அவர் தலையாட்டிட்டு, தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினார்.

திரும்பும்போது கோயில் வாசலில் டீ. நண்பன் ஒரு வார்த்தை பேசல. மாட்டுத்தாவணி வந்ததும்தான் வாயைத் திறந்தான். "அண்ணே, மாத்தாத, கம்பெனி நிலைமையிலேயே இருக்கிற புல்லட் எவ்வளவுக்குக் கிடைக்கும்?"

"முதல்ல ஃபீஸைக் கட்டுடா. அப்புறம் இன்னும் பத்துப் பந்தி பரிமாறு. சொல்றேன்" என்றார் அண்ணன்.

மறுநாளே கட்டிட்டான். ரசீதை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினான்.

பர்ஸில் மடிச்சு வெச்சுக்கங்க!

● என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. ஓட்டிப் பாக்க முடியாத வண்டிக்கு ஓடுற வண்டி விலை கிடையாது.

● காந்தம், நூல், டார்ச். இந்த மூணும் இல்லாம போகாதீங்க. கழுத்து, பின்பக்கச் சேஸிஸ், இந்த ரெண்டு இடத்திலும் வெல்டு இருந்தா யோசிக்கவே வேண்டாம்.

● பட்டி, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கான்னு கேளுங்க.

● ஆர்.சி.யில் இருக்கிற என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பரை வண்டியில் இருக்கிறதோட நீங்களே படிச்சு ஒப்பிடுங்க. தேய்ச்சு மறுபடி குத்தின தடம் இருந்தா நகர்ந்துடுங்க.

● ஆர்.சி.யில் பேர் இருக்கிறவர் நேரில் வரணும். வெறும் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் கயிறு இல்லை. கடன் பாக்கி, இன்ஷூரன்ஸ், பழைய அபராதம் எல்லாத்தையும் வாகன ஆப்பில் பாத்துடுங்க.

● மிச்ச வேலைக்கு ஆகும் செலவை எழுதுங்க. அதை ரெண்டால் பெருக்குங்க. அப்புறம் விலை பேசுங்க.

● கடைசியா, பர்ஸைத் திறக்குமுன்னாடி ஒரு கேள்வி: இதில் இருக்கிறது யார் காசு?